ஐகோர்ட் இறக்கம்

தேரிக்காட்டில் சைக்கிள் ஓட்ட வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றதும் முதலில் சிரித்தது தேரியை ஒட்டியிருக்கும் ஊர்க்காரர்கள்தான். திருச்செந்தூருக்கு மேற்கே கண்ணுக்கு எட்டிய தூரம் செக்கச்செவேலென்று மணல். நடந்தாலே கணுக்கால் புதையும். அதில் போய் சைக்கிளா? அதற்கு மலைச் சைக்கிள் என்று வேறு பெயர். மலை எங்கே என்று கேட்டால் மேற்கே கையைக் காட்டவேண்டும், அதுவும் வானம் தெளிவாக இருக்கிற நாளில்.

ஆனால் தேரிக்குள் நடந்து பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் இறுகிப்போன செம்மண் தரை உண்டு. அதைத் தேடிப் பிடித்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போனால், தடித்த டயர் போட்ட சைக்கிள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்படிக் கோத்த வழிக்குத் தடம் என்று பெயர்.

அந்தத் தடங்களைப் போட்டவர் எப்சிபா டீச்சர். வயது முப்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும் டீச்சர் என்ற பெயர் மட்டும் அவரை விடவில்லை. பேச்சில் மகா கஞ்சம். ஒரு வாக்கியம் தேவைப்படுகிற இடத்தில் பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார். மீதியைக் கேட்டவர்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்கவேண்டும்.

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவைவிடச் சீடர் பதினாறு வயது மூத்தவரா என்று யாராவது புருவத்தைத் தூக்கினால் என்ன செய்வது, அப்படித்தான் அமைந்தது. பெயர் ஐகோர்ட்துரை. வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பக்கத்தில் சுடலைமாடனுக்கே ஐகோர்ட் மகாராஜா என்று ஒரு பெயர் உண்டு. வேண்டிக்கொண்டு பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். இவர் பெயருக்கேற்ற ஆள். ஒன்று சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

இருபது வருஷம் ஓமான் பாலைவனத்தில், எண்ணெய்க் குழாய் போடுகிற இடங்களில் சர்வேயராக இருந்துவிட்டு வந்தவர். மணலைப் பற்றி ஒரு பொம்பளைப் பிள்ளை தனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் முதல்நாள் டீச்சரின் தடத்தில் சைக்கிளை விட்டார். மூன்று இடத்தில் விழுந்தார். மூன்றாவது தடவை எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். வந்ததும் டீச்சரிடம், எனக்குத் தடம் போடச் சொல்லித் தருவியளா என்று கேட்டார். விழுந்த கையோடு பாடம் கேட்க எல்லோருக்கும் மனசு வராது. அவருக்கு வந்தது.

முதல் வருஷம் முழுக்க டீச்சர் அவரை மண்வெட்டியைத் தொட விடவில்லை. நடங்க அண்ணாச்சி என்றார். நடந்தார். இரண்டாம் வருஷம் கையைக் காட்டி, அந்தப் பக்கம் உங்களுக்கு என்றார். தேரியின் தெற்குப் பாதி அவருக்குக் கிடைத்தது. தேரியின் மூன்றாவது தடம் அவருடையது.

அவர் அந்தத் தடத்தை இழைத்தார் என்றுதான் சொல்லவேண்டும். மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். முதல் பாதியில் மூன்று சின்ன இறக்கங்கள். ஏழாவது கிலோமீட்டரில் பெரிய மேடு, ஒரு முழுப் பனை உயரம். உச்சியிலிருந்து சைக்கிளை விட்டால் அடிவயிறு ஜில்லென்று ஆகும். அடிவாரத்தில் வலது பிரேக்கை இறுக்கிப் பிடித்து இடப்பக்கம் ஒடித்துத் திருப்பவேண்டும். நேராகப் போனால் பனங்கூட்டம். அந்த இடத்துக்கு ஐகோர்ட் இறக்கம் என்று தானே பெயர் வைத்துவிட்டு, ஊர்க்காரர்கள் வைத்த பெயர் என்று சொல்லிக்கொண்டார். இருபது தடவைக்கு மேல் இறங்கிப் பார்த்தார். ஒரு தடவைகூடக் கால் ஊன்றவில்லை.

இனி டீச்சர் ஓட்டிப் பார்த்து, திறக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்குத்தான் அவர் தவித்துக்கொண்டிருந்தார். வனத்துறை ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வைகாசி முடிந்து மேல்காற்று எழும்பினால் நான்கு மாதத்துக்குத் தேரியை மூடிவிடுவார்கள். மணல் இடம்மாறித் தடங்களெல்லாம் புதைந்துபோகும். காற்றுக்கு முன்னால் ஒரு தடவையாவது வெளியாட்கள் ஓட்டிய தடம்தான் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறியதைக் காற்று ஓய்ந்தபின் மறுபடி தோண்டலாம். ஏறாததைத் தொடக்கூடாது. மணல் மூடினால் மூடியதுதான், இரண்டு வருஷ உழைப்பும் அதோடு சரி. மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முந்தைய புதன்கிழமை காலையில் டீச்சர் வந்தார்.

முதல் மூன்று இறக்கங்களையும் இறங்கினார். ஐகோர்ட்துரை பின்னாலேயே வந்தார். டீச்சரின் முதுகைப் பார்த்தே அவர் மனதைப் படிக்கலாம் என்று நினைத்தார். முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பெரிய மேட்டின் உச்சியில் டீச்சர் நிறுத்தி, கால் ஊன்றிக் கீழே பார்த்தார்.

“நல்லா இருக்கு.”

ஐகோர்ட்துரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் காதில் கேட்டதே இல்லை.

டீச்சர் சைக்கிளை விட்டு இறங்கினார். ஸ்டாண்டு இல்லாத சைக்கிள், மணலில் சாய்த்துப் போட்டார்.

“எனக்கு இன்னைக்கு முடியல அண்ணாச்சி. வீட்டுக்குப் போகணும். எந்த வழியா போக?”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று ஐகோர்ட்துரை சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. இது உங்களுக்கு ஒரு இறக்கமா டீச்சர் என்றார். சைக்கிளை நான் இறக்கித் தருகிறேன், நீங்கள் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றார். கீழே போனபிறகு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கிறதே என்று டீச்சர் கேட்டார். அது உண்மைதான். வந்த வழியே திரும்பலாம் என்றால் மூன்று இறக்கங்கள் இருந்தன. ஒன்றில் ஏறிப் பார்த்தார்கள். சைக்கிளோடு ஒரு அடி ஏறினால் மணல் இரண்டு அடி கீழே இழுத்தது. இறங்கும்போது சுகமாக இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சரித்து வைத்தவர் அவர்தான்.

வடக்கே ஒரு கிலோமீட்டரில் ஊருக்குப் போகும் பழைய வண்டிப்பாதை இருந்தது. நடுவில் முழுக்கச் சீமைக்கருவேல். வேறு வழியில்லாமல் அதற்குள் நுழைந்தார்கள்.

ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஐகோர்ட்துரை தன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, டீச்சருடையதைக் கையால் இழுத்துக்கொண்டு போனார். சட்டை கிழிந்தது. செருப்பைத் துளைத்து முள் ஏறியது. டீச்சர் கொஞ்சமாவது நிழல் தெரிகிற இடத்திலெல்லாம் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். பாதி தூரத்தில் தண்ணீர் தீர்ந்தது. ஐகோர்ட்துரைக்குக் கோபம் தலைக்கேறி நின்றது. வேண்டுமென்றே செய்கிறார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தார்.

மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது டீச்சரின் முகம் வெளுத்திருந்த மாதிரித் தெரிந்தது.

“என்ன செய்யுது டீச்சர்?”

“தெரியல. முடியல.”

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. போனை எடுத்துப் பார்த்தார், சிக்னல் இல்லை. சத்தம் போட்டால் கேட்க ஆள் இல்லை. டீச்சருக்கு நிஜமாகவே ஏதாவது ஆனால், இந்த முள்ளுக்குள் அவரை எப்படித் தூக்கிக்கொண்டு போவேன் என்று நினைத்தார். கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. மெதுவாக வாருங்கள், அவசரமில்லை என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரிச் சொல்லிச் சொல்லிக் கூட்டிவந்தார்.

வண்டிப்பாதையில் கால் வைத்ததும் டீச்சர் நிமிர்ந்தார். முகத்தைத் துடைத்தார். இதில் ஒரு வழி வெட்ட, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஊர்ப்பக்கம் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

ஐகோர்ட்துரை அங்கேயே நின்றார். நிஜமாகவே முடியவில்லையா, இல்லை நடிப்பா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. போன கோபம் வட்டியோடு திரும்பி வந்தது.

சாயங்காலம் நேரே டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, காலையில் டயரில் ஏறிய முள்ளைக் குறட்டால் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஐகோர்ட்துரை உட்காரக்கூட இல்லை.

“தடம்னா போய்ச் சேருறதுக்குத்தான டீச்சர்? திரும்புறதுக்கு எதுக்கு வழி?”

டீச்சர் இன்னும் இரண்டு முள்ளைப் பிடுங்கினார். பிறகு எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் கூட்டி, எழுந்து வந்து, அவர் கையை விரிக்கச் சொல்லி உள்ளங்கையில் கொட்டினார். மறுபடி போய் டயருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான் பதில். ஐகோர்ட்துரை கையை மூடவும் முடியாமல், கீழே போடவும் மனமில்லாமல் அப்படியே வீடுவரை நடந்தார்.

வியாழன் விடிந்ததும், மேட்டு உச்சியிலிருந்து வண்டிப்பாதைக்கு வழி வெட்ட இரண்டு வெட்டாட்களோடு தேரிக்குள் போனார். நாட்டு மரமான உடைமரத்தில் கை வைக்கக்கூடாது, சீமைக்கருவேலை மட்டும் வெட்டலாம் என்பது அனுமதி. கோபத்தோடு வெட்டினால் வேலை வேகமாக நடக்கும் என்பதை அந்த மூன்று நாளில் அவர் கண்டுகொண்டார். டீச்சர் சொன்னதற்காக வெட்டினாரே தவிர, அதில் அவருக்குத் துளியும் சம்மதம் இல்லை. தன் தடத்தின் விலாவில் ஓட்டை போட்ட மாதிரி இருந்தது. இருபது தடவை இறங்கிய இடத்தில், இறங்காமல் போக ஒரு வழி. பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

சனிக்கிழமை மத்தியானம் வழி முடிந்தது. சர்வேயர் கை சும்மா இருக்குமா? ஒரு பலகை எடுத்து, சிவப்புப் பெயிண்டில், அளவெடுத்த மாதிரி எழுத்தில் எழுதி உச்சியில் நட்டார். “முடியாதவர்கள் வழி.”

சாயங்காலம் டீச்சர் வந்து பார்த்தார். புது வழியில் வண்டிப்பாதை வரைக்கும் போய்த் திரும்பினார். பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

“எழுத்து நல்லா இருக்கு. கீழ பேர் போடலியே?”

“யார் பேரு டீச்சர்?”

“மொத ஆளு பேரு. புதன்கிழமை நான்தான போனேன். எழுதுங்க.”

டீச்சர் கீழே கிடந்த பிரஷை எடுத்து அவரிடம் நீட்டினார். முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. மாநிலப் போட்டியில் மெடல் வாங்கியவர், அந்தத் தேரியில் அவர் சக்கரம் படாத மேடு கிடையாது. அவர் பெயரை அந்த வார்த்தைக்குக் கீழே எப்படி எழுதுவது? ஐகோர்ட்துரை பிரஷை வாங்கினார். பெயிண்டில் தோய்த்தார். பலகைக்குக் கிட்டே கொண்டுபோனார். பெயிண்ட் சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்ததே தவிர, கை எழுத மாட்டேன் என்றது. கடைசியில் பிரஷைப் போட்டுவிட்டுப் பலகையைப் பிடுங்கிச் சாய்த்தார்.

“தொறக்கலாம்,” என்றார் டீச்சர்.

எந்த வார்த்தைக்காக இரண்டு வருஷம் காத்திருந்தாரோ அது வந்துவிட்டது. ஆனால் எதிர்பார்த்த மாதிரி இனிக்கவில்லை. சரி, வழி இருந்துவிட்டுப் போகட்டும், நாளைக்கு ஒருத்தனும் அந்தப் பக்கம் திரும்பப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முப்பத்தொரு பேர் வந்தார்கள். நாகர்கோவில், மதுரை, தென்காசி என்று பல ஊர். அதில் ஒருவர் இசக்கிதாஸ், பாளையங்கோட்டையில் ஜிம் நடத்துகிறவர். கையும் காலும் உலக்கை உலக்கையாக இருக்கும். வந்ததிலிருந்து அவர் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. எந்தெந்த மலையில் எத்தனை அடி இறங்கினேன் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கு வகுப்பெடுத்தார். இந்த மணல்மேடெல்லாம் நமக்கு மெத்தை மாதிரி என்றார். ஐகோர்ட்துரைக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

டீச்சர் முன்னால் போவது, மற்றவர்கள் பின்னால் வருவது, ஐகோர்ட்துரை பெரிய மேட்டின் அடிவாரத்தில் நின்று ஆள் ஆளாக வழி திருப்பிவிடுவது என்று ஏற்பாடு. அவர் வண்டிப்பாதை வழியாகச் சுற்றி, முன்கூட்டியே வந்து பனங்கூட்டத்துப் பக்கம் நின்றுகொண்டார். அண்ணாந்து உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் இறக்கத்தில் டீச்சர் முதல் ஆளாக இறங்குவதைப் பார்க்கவேண்டும். இரண்டு வருஷமும் அதற்காகத்தான் என்று அப்போது தோன்றியது.

டீச்சரின் மஞ்சள் ஹெல்மெட் உச்சியில் தெரிந்தது. பின்னால் ஒவ்வொருவராக வந்து வரிசை கட்டினார்கள். டீச்சர் கீழே பார்த்தார். தன்னைத்தான் பார்த்தார் என்றுகூட ஐகோர்ட்துரைக்குத் தோன்றியது. பிறகு ஹேண்டில்பாரை வடக்கே திருப்பினார். வெட்டிய வழிக்குள் நுழைந்து மறைந்துவிட்டார்.

முப்பத்தொரு பேர் முன்னால் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கூட்டமும் திகைத்துப்போய் நின்றது. அப்புறம் தென்காசிப் பெண் ஒருத்தி சைக்கிளை விட்டாள். கூவிக்கொண்டே இறங்கி, அழகாக ஒடித்துத் திரும்பினாள். அடுத்தவன் வந்தான். அடுத்தடுத்து வந்தார்கள். இறங்கியவர்கள் முகமெல்லாம் சிரிப்பு. அண்ணாச்சி, என்னா ஒரு எறக்கம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஐகோர்ட்துரை குலுக்கினார், சிரித்தார், எண்ணிக்கொண்டும் இருந்தார். இருபத்தாறு பேர்தான் வந்தார்கள். உச்சி காலியாக இருந்தது.

இசக்கிதாஸ் இறங்கவில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது.

முடிவிடத்துக் கொட்டகைக்கு அவர் வந்து சேர்ந்தபோது அந்த ஐந்து பேரும் வண்டிப்பாதை வழியாக வந்து அங்கே இருந்தார்கள். ஒருவருக்கு வெயிலில் தலை சுற்றியிருக்கிறது. மூன்று பேர் உச்சியில் நின்று கீழே பார்த்ததும் வேண்டாம் என்று வந்தவர்கள், மோர் குடித்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். இசக்கிதாஸ் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தது. மணிக்கட்டு வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. மதுரையிலிருந்து வந்த எலும்பு டாக்டர் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு, முறிவுதான், படம் எடுக்கவேண்டும் என்றார்.

எங்கே விழுந்தது என்று கேட்டார்கள். மூன்றாவது சின்ன இறக்கத்தில். விழுந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு வந்திருக்கிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டர் ஒற்றைக் கையால் ஓட்டியிருக்கிறார். விரலை மடக்கவே முடியவில்லையாம்.

“டீச்சரே அந்தப் பக்கம் போனாவ. அதான் நானும் சரின்னு போனேன்,” என்றார் இசக்கிதாஸ். வலியிலும் குரல் இறங்கவில்லை. “இல்லாட்டி எறங்கியிருப்பேன்.”

அவர் பெருமையாகத்தான் சொன்னார். ஐகோர்ட்துரை பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த இறக்கத்தின் அடிவாரத்தை அவரைவிட யாருக்குத் தெரியும்? வலது பிரேக்கை இறுக்கிப் பிடிக்காவிட்டால் சைக்கிள் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட அவருக்கு ஒரு நொடி போதும். அந்தப் பனைகளுக்குப் பக்கத்தில்தான் காலையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இசக்கிதாஸை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். மற்றவர்களும் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தடம் பட்டியலில் ஏறிவிட்டது. மேற்கே மணல் இலேசாகப் புகைய ஆரம்பித்திருந்தது. டீச்சர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐகோர்ட்துரை கிட்டே போய் நின்றார்.

“அவர் கை ஒடிஞ்சிருக்குன்னு உங்களுக்கு அங்கனயே தெரியுமா டீச்சர்?”

“தெரியாது.”

“அப்பம் எதுக்குத் திரும்புனிய? நீங்க எறங்கக்கூடிய ஆளுல்லா?”

டீச்சர் துணியை உதறி மடித்துப் பையில் வைத்தார்.

“முப்பத்தொரு பேரு வந்தாவ அண்ணாச்சி. அதுல ஒருத்தருக்காவது இன்னைக்கு முடியாதுன்னு தெரியும். எவருக்குன்னு தெரியாது. அதான் நான் முன்னால போனேன்.”